ஈயச் சிப்பாய்களும் ரப்பர் அச்சும்: ஒரு பழநினைவின் வரலாறு

1960களிலும் 70களிலும் இங்கிலாந்தில் மேசைமீது போர்விளையாட்டு ஆடி வளர்ந்தவர்களிடம் ஹின்டன் ஹன்ட், மினிஃபிக்ஸ், ஹின்ச்லிஃப் ஆகிய பெயர்களைச் சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். அந்நிறுவனங்கள் வார்த்த ஈயச் சிப்பாய்களில் பல, இன்றைய வார்ப்புகளோடு ஒப்பிடுகையில் கரடுமுரடானவை. முகங்களில் தெளிவு குறைவு. துப்பாக்கிகள் எளிதில் வளையும். ஆயினும் முதிய சேகரிப்பாளர்கள் அவற்றையே தேடி வாங்குகின்றனர். இதனை இளமைக்கால ஏக்கம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட இயலாது. அந்தச் சிற்றுருவங்கள் உருவான முறையிலேயே இதற்கான விடை உள்ளது.

பொம்மைச் சிப்பாய் தொடக்கத்தில் தொழிற்கூடச் சரக்கு. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் கைவினைஞர்கள் பலகைக்கல்லில் நுட்பமாகச் செதுக்கிய அச்சுகளில் தட்டையான வெள்ளீய உருவங்களை வார்த்தனர். 19ஆம் நூற்றாண்டில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன் பரப்பிய 30 மில்லிமீட்டர் அளவு அத்தொழிலின் பொது அளவாயிற்று. 1893இல் லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கொண்டுவந்தது. உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்தவுடன் எஞ்சியதை வெளியே கொட்டிவிட்டால் மெல்லிய ஓடு மட்டும் நிற்கும். உலோகம் மிச்சமாயிற்று, விலை குறைந்தது, ஜெர்மன் இறக்குமதியின் ஆதிக்கம் தளர்ந்தது. அவற்றுக்கு வண்ணம் தீட்டியோர் பெரும்பாலும் பெண் தொழிலாளர்கள். வாங்குபவர் கைக்கு வந்தது முற்றும் முடிந்த பொருள்.

எச். ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூல் இத்தகைய கடைச் சிப்பாய்களை நம்பியே எழுதப்பட்டது. தரையில் படைகளைப் பரப்பி, வில்சுருள் பீரங்கியால் மரக்குண்டு எறிந்து அவற்றை வீழ்த்துவதே ஆட்டம். விதிகளை வகுத்தவர் ஆட்டக்காரர். சிப்பாயைச் செய்ததோ தொழிற்சாலை. இந்தப் பிரிவினை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே தகர்ந்தது.

அதைத் தகர்த்தவர்களுள் முதன்மையானவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜாக் ஸ்க்ரூபி. போர்விளையாட்டுக்கெனத் தாமே உருவங்களை வார்க்க முற்பட்ட அவர், அறை வெப்பத்திலேயே இறுகும் ரப்பரை அச்சுக்குப் பயன்படுத்தினார். கல்லிலும் உலோகத்திலும் அச்சு செதுக்கத் தேர்ந்த கைவினைஞரும் பெரும் முதலும் தேவை. ரப்பர் அச்சுக்கோ ஒரு மூல உருவமும் சிறு பட்டறையும் போதும். இதனால் ஆட்டக்காரரே உற்பத்தியாளராக முடிந்தது. 1957இல் ஸ்க்ரூபி தொடங்கிய ‘வார் கேம் டைஜெஸ்ட்’ இதழ், சிதறிக் கிடந்த ஆட்டக்காரர்களை ஒருவரோடொருவர் இணைத்தது.

இங்கிலாந்தில் அப்பணியை முன்னெடுத்தவர் சவுதாம்ப்டனில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றிய டொனால்ட் ஃபெதர்ஸ்டோன். அவரது ‘வார் கேம்ஸ்’ நூல் 1962இல் வெளிவந்தது. அதற்குச் சற்று முன், 1959இல், ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் மாதிரி ரயில் அளவை ஒட்டிய சிறிய நெகிழிச் சிப்பாய்களை விற்கத் தொடங்கியிருந்தது. விலை மலிவு, ஆனால் எல்லாக் காலத்துப் படைகளும் கிடைக்கவில்லை. ஆட்டக்காரர்கள் தலையை வெட்டி மாற்றினர், தொப்பியைச் செதுக்கினர், வழுவழுப்பான நெகிழியில் ஒட்டாமல் உரியும் வண்ணத்தோடு போராடினர். அந்தக் குறையை நிரப்பவே உலோக வார்ப்பாளர்கள் எழுந்தனர். சவுதாம்ப்டனில் நெவில் டிக்கின்சனின் மினிஃபிக்ஸும், யார்க்‌ஷரின் மெல்தமில் ஃபிராங்க் ஹின்ச்லிஃபின் நிறுவனமும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. ஹின்ச்லிஃபுக்காகப் பல உருவங்களைச் செதுக்கிய பீட்டர் கில்டர், தாமே புகழ்பெற்ற ஆட்டக்காரர்.

இங்கு கவனிக்கத்தக்க ஒரு மாற்றம் உண்டு. இவ்வார்ப்புகள் பெரும்பாலும் வண்ணம் தீட்டப்படாமலே விற்கப்பட்டன. முன்னர்த் தொழிற்சாலைப் பெண்கள் கூலிக்குச் செய்த வேலை இப்போது வாங்குபவரின் மாலைப்பொழுதுக்கு மாறியது. ஒரு நெப்போலியன் காலப் பட்டாளத்தை அணிவகுக்க, அதன் கழுத்துப்பட்டையின் நிறம் முதல் பொத்தானின் நிறம் வரை ஆட்டக்காரர் நூலகத்தில் தேடியறிய வேண்டியிருந்தது. முகம் தெளிவற்றிருந்த இடத்தில் தூரிகையே முகத்தை வரைந்தது. ஆக, அந்தச் சிப்பாய் பாதி வார்ப்பாளருடையது, மறுபாதி வாங்கியவருடையது. முதியவர்கள் இன்று தேடுவது, தாம் உழைத்து நிறைவு செய்த அந்த மறுபாதியை.

இப்பழநினைவுக்கு மறதியும் உண்டு. செதுக்கியவரின் பெயர் நிலைத்தது. வார்த்தவர், பொதி கட்டியவர் பெயர்கள் மறைந்தன. பிரிட்டன் நிறுவனம் 1890களிலேயே வங்காளக் குதிரைப்படையையும் மதராஸ் காலாட்படையையும் பொம்மைகளாக விற்றது. பேரரசின் படை வரிசை லண்டன் சிறுவனின் விளையாட்டு அறைக்குள் இவ்வாறுதான் நுழைந்தது. காலனியப் போர்களை மேசைமீது மீண்டும் நடத்திய பிற்கால ஆட்டங்களை ஆராய்வோர் இத்தொடர்ச்சியைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அதற்கான சான்றுகளோ அழிந்து வருகின்றன. ரப்பர் அச்சு உலோகத்தின் வெப்பத்தால் தேய்ந்து போகும். மூல உருவமும் தொலைந்தால் மறுவார்ப்புக்கு வழியில்லை. எஞ்சிய ஈய உருவங்களையோ கரிம அமிலங்களின் ஆவி அரித்து வெண்பொடியாக்குகிறது. அந்த ஆவி பெரும்பாலும் ஓக் மரத்திலிருந்து கசிவது. சேகரிப்பாளர்கள் அன்போடு செய்வித்த ஓக் மரக் கண்ணாடிப் பேழைகளிலேயே சில படைகள் மெல்ல உதிர்ந்துகொண்டிருக்கின்றன. அருங்காட்சியகங்கள் இவற்றை வெறும் விளையாட்டுப் பொருள் என ஒதுக்காமல், தக்க பேழைகளில் காத்து ஆவணப்படுத்தினால், சென்ற நூற்றாண்டின் சிறு பட்டறைத் தொழில் வரலாற்றின் ஒரு பகுதியேனும் மிஞ்சும்.