மரபு என்கிற பிறப்புச் சான்றிதழ்

ஆண்ட்ரூ ஹில் என்ற ஜாஸ் பியானோ கலைஞர் 1937இல் ஹெய்ட்டித் தீவில் பிறந்தவர் என்று நெடுங்காலம் அச்சாகி வந்தது. உண்மையில் அவர் பிறந்தது 1931இல், சிகாகோவில். பிறந்த ஊர் தெரிந்தால் இசையும் விளங்கிவிடும் என்கிற நம்பிக்கை எங்கும் உண்டு. நம்மிடம் கொஞ்சம் அதிகம்.

ஹில் 1963இல் பதிவு செய்த 'ஸ்மோக்ஸ்டாக்'கை 2009இல் தன் 'ஹிஸ்டாரிசிட்டி' இசைத்தட்டில் வாசித்தார் விஜய் ஐயர். தமிழ்ப் பெற்றோருக்கு 1971இல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனியில் பிறந்தவர். பெயரைப் படித்ததுமே நமக்குச் சபாக் கச்சேரி கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் மூன்று வயதில் அவர் கற்கத் தொடங்கியது மேற்கத்திய வயலின். பியானோ கேள்வி ஞானம். 1998இல் பெர்க்லியில் டாக்டர் பட்டம் வாங்கிய ஆய்வும் மேற்கு ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க இசைகளில் உடம்பு தாளத்தை அறிகிற விதம் பற்றியதே. கர்நாடகத் தாளக் கணக்கு அவர் பிற்பாடு தேடிப்போய் எடுத்துக்கொண்டது. ரத்தம் அதைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

ரத்தம் வேறொரு இடத்தில் இருக்கிறது. 1963இல் ஹில்லுக்கு டிரம்ஸ் வாசித்தவர் ராய் ஹெய்ன்ஸ். 2009இல் ஐயருக்கு வாசித்த மார்க்கஸ் கில்மோர் அவருடைய பேரன். அந்தப் பேரனும் தாத்தாவைப் பிரதி எடுக்கவில்லை.

அதே தட்டில் 'கலாங்'. மூலப் பாடல் எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசத்தினுடையது: லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, யுத்தத்தில் தப்பி மறுபடி லண்டன் சேர்ந்தவர். 'கலாங்' ஜமைக்காப் பேச்சுவழக்கு. போய்க்கொண்டே இரு என்று அர்த்தம். கரீபியச் சொல், ஈழத்துப் பெண், ஆல்பனித் தமிழர். இதில் எது யாருடைய மரபு? ஐயரின் வாசிப்பில் பாட்டின் வார்த்தைகள் இல்லை. இயந்திரம் அடித்த தாளத்தை மனிதக் கைகால்கள் அடிக்கின்றன. அதில் ஒரு மூச்சிரைப்பு வந்துவிடுகிறது. மரபு என்று நான் ஒப்புக்கொள்வது அந்த மூச்சிரைப்பைத்தான்.

இங்கே நல்லம்பள்ளிப் பக்கம் அம்மன் பண்டிகையில் பம்பை அடிக்கிறவரிடம் மரபைப் பற்றி எந்த விமர்சகரும் கேட்பதில்லை. அது சத்தம். கடல் தாண்டிய ஐயரின் பியானோவுக்குள் மட்டும் தமிழ் மரபைத் துழாவுகிறோம், அதுவும் சபா வாசலில் கிடைக்கிற மரபை. அப்படித் தேடுகிறவர்களுக்கு 2011இல் வந்த 'தீர்த்தா' இருக்கிறது. பிரசன்னாவின் கிதார், நிதின் மிட்டாவின் தபலா. அழகான தட்டு, குறை சொல்ல முடியாது. எனக்கென்னவோ 'கலாங்'தான்.