தவிட்டில் இருந்த மருந்து

புலால் உண்ணாதவன் உடல் வலுப்பெறுமா என்று என் வகுப்பில் ஆண்டுதோறும் எவரேனும் ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை. வரலாற்றைக் கொண்டே நான் அதற்கு விடை கூறி வந்தேன். இன்றும் அவ்வாறே கூறுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி அரிசி ஆலைகள் கீழை நாடுகளில் பரவின. உரலில் குற்றிய அரிசியில் தவிடு ஓரளவு ஒட்டியிருக்கும். ஆலையோ அதனை அறவே நீக்கி, அரிசியை வெண்முத்துப் போலாக்கித் தந்தது. அவ்வெண்மையை மக்கள் விரும்பினர். கூடவே பெரிபெரி என்னும் நோயும் பெருகிற்று. கால் மரத்து, நடை தளர்ந்து, இதயம் ஓய்ந்து மாண்டவர் பலர்.

1890ஆம் ஆண்டையொட்டி, ஜாவாவில் இந்நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார் டச்சு மருத்துவர் எய்க்மான். அவருடைய கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்களில் தாமாகவே தேறின. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. இடையில் அவற்றுக்கு மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறு இடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படையினரின் சோற்றைக் கோழிக்குத் தர இயலாது என்று மறுத்துவிட்டார், தவிடு நீங்காத அரிசி மீண்டும் வந்தது, கோழிகளும் பிழைத்தன. எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. சமையற்காரரைப் போற்றுவார்தாம் இல்லை!

எய்க்மான் அரிசியில் நஞ்சு உண்டென்றே முதலில் கருதினார். நஞ்சன்று, தவிட்டோடு போன ஏதோ ஒரு சத்தின் குறையே நோய்க்குக் காரணம் என்று 1901இல் விளக்கியவர், அவர் வழிவந்த கிரைன்ஸ். 1926இல் அச்சத்து தவிட்டிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. தையமின் என்னும் பி1 வைட்டமின் அதுவே. மருந்து ஆட்டிறைச்சியில் தேடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். மாட்டுக்குப் போட்ட தவிட்டில் அது கிடந்தது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. பழைய சென்னை மாகாணத்தில், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரக் கடற்கரைப் பகுதியில் பெரிபெரி வேரூன்றியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களை அது பெரிதும் அணுகவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கையில் தவிட்டின் சத்து நீரோடு மணியின் உள்ளே புகுந்து தங்கிவிடுகிறது. வேதியியல் அறியாத நம் பாட்டிமார் செய்த வேலை இது.

ஆயினும் நாம் பெருமிதம் கொள்ள வேண்டா. குன்னூரில் சர் ராபர்ட் மக்காரிசன், பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்கு ஊட்டிச் சோதித்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, எப்போதாவது சிறிது இறைச்சி ஆகியவை கொண்ட சீக்கியர் உணவை உண்டவை செழித்தன. தீட்டிய அரிசியே மிகுந்து, பாலும் காய்கறியும் குன்றிய சென்னை உணவை உண்டவை மெலிந்தன. சோற்றை மலைபோல் குவித்துக் குழம்பைத் துளியாய் ஊற்றிக்கொள்வது சைவ உணவாகலாம், நிறைவுணவு ஆகாது. அரிசியில் குறையும் லைசின் என்னும் புரதக்கூறு பருப்பில் மிகுதி. ஆகவே பருப்புத் தாராளமாக வேண்டும், கீரையும் வேண்டும்.

ஒன்றை மட்டும் பயிர்கள் தருவதில்லை. 1948இல் செந்நிறப் படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்ட பி12 வைட்டமினை நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. குறைந்தால் இரத்தச் சோகையும் நரம்புத் தளர்ச்சியும் வரும். பாலும் தயிரும் போதிய அளவு உண்பவர்க்கு அவற்றிலிருந்து அது கிட்டும். பாலையும் விலக்கியவர், பி12 சேர்த்த உணவையோ மாத்திரையையோ நாடவேண்டும்.