யாய்ட்ஸேயில் இருந்து ஆரம்பிக்கலாமே!

பால்கன் பகுதியை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். 1914 ஜூன் 28, சரயேவோ நகரம், பிரின்சிப் என்ற பையன், துப்பாக்கி, ஆஸ்திரியப் பட்டத்து இளவரசரும் அவர் மனைவியும் சாவு, உலகப்போர். அங்கிருந்து ஒரே தாவலில் 1992. நடுவில் ஒட்டுப்போட ஒரு வரி: "அவங்க காலம் காலமா அடிச்சுக்கிட்டவங்க." முடிஞ்சது பாடம்.

எனக்கு இந்த ஒரு வரிதான் தாங்க முடியாத எரிச்சல். என்னைக் கேட்டால் யாய்ட்ஸே என்கிற சின்ன ஊரில் ஆரம்பிப்பேன். போஸ்னியாவின் நடுவில், ஊருக்குள்ளேயே அருவி விழுகிற மலையூர். பேருக்கு அர்த்தம் 'குட்டி முட்டை'!

1943 நவம்பர் 29. நாடு ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் சிதறிக் கிடந்த நேரம். உள்ளூர்க்காரர்களே ஒருத்தரை ஒருத்தர் ஊர் ஊராகக் கொன்று கொண்டிருந்த நேரமும் அதுதான், அதை மறைக்கத் தேவையில்லை. அந்த நடுவில் டிட்டோவின் கெரில்லாக்கள் இந்த ஊரில் ராத்திரியோடு ராத்திரியாகக் கூடி, போருக்குப் பின் யூகோஸ்லாவியா ஒரு கூட்டாட்சியாக இருக்கும் என்று முடிவெடுத்தார்கள். ஆறு குடியரசுகள்: ஸ்லோவேனியா, குரோவேஷியா, செர்பியா, மாண்டநீக்ரோ, மாசிடோனியா, போஸ்னியா-ஹெர்ஸகோவினா. இதில் முதல் ஐந்துக்கும் ஆளுக்கொரு இனம் சொந்தக்காரர். போஸ்னியா மட்டும் யாருக்கும் தனிச் சொத்து இல்லை, செர்பியர், குரோவேஷியர், முஸ்லிம்கள் மூன்று பேருக்கும் பொது. (அங்கே முஸ்லிம் என்பது மதம் மட்டுமல்ல, ஒரு இனத்தின் பெயர். 1971 கணக்கெடுப்பில் அதற்கென்று தனி இடமே வந்துவிட்டது. இன்று போஸ்னியாக் என்கிறார்கள்.)

1991 கணக்கெடுப்பைப் பாருங்கள். போஸ்னியாவில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 43 சதவீதம், செர்பியர் 31, குரோவேஷியர் 17. இன்னொரு ஐந்தரை சதவீதம் பேர் எந்த இனமும் வேண்டாம், நாங்க 'யூகோஸ்லாவியர்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காலம் காலமா அடிச்சுக்கிட்டவங்களாம்!

அடுத்த வருஷமே போர். 1995 வரை ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் செத்தார்கள். ஸ்ரெப்ரெனீட்ஸாவில் மட்டும் 1995 ஜூலையில் சில நாட்களுக்குள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் பையன்களும். அமெரிக்காவின் டேட்டன் விமானப்படைத் தளத்தில் பேசி முடித்த ஒப்பந்தம்தான் போரை நிறுத்தியது. ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகவே அரசியல் சட்டமும் வந்தது. ஜனாதிபதி பதவிக்கு மூன்று பேர், இனத்துக்கு ஒருத்தர். அந்த ஐந்தரை சதவீதம்? 'மற்றவர்கள்'. ஒரு ரோமாவும் ஒரு யூதரும் நாங்க ஏன் ஜனாதிபதி தேர்தலில் நிற்கக் கூடாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 2009-ல் ஜெயித்தார்கள். தீர்ப்பு வந்து பல வருஷம் ஆகியும் சட்டத்தில் அந்த விதி அசையவில்லை.

மொழியும் மூணாச்சு. காபிக்கு ஒருத்தர் காஃபா, ஒருத்தர் காவா, ஒருத்தர் காஹ்வா. மற்றபடி பேசினால் எல்லாருக்கும் புரியும். சிகரெட் பெட்டியில் 'புகைத்தால் சாவு' என்று மூன்று மொழியிலும் போட வேண்டுமாம். இரண்டு தடவை லத்தீன் எழுத்தில் அச்சு அசலாக அதே வரி, மூன்றாவது தடவை சிரிலிக் எழுத்தில் அதே வரி :-)

சிரிப்பை நிறுத்த வைப்பது பள்ளிக்கூடம். நாட்டின் ஒரு பாதியில் பத்து கன்டன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கல்வி அமைச்சர். 'ஒரே கூரை, இரண்டு பள்ளி' என்று ஒரு ஏற்பாடு. ஒரே கட்டடம்தான், ஆனால் குரோவேஷியப் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், போஸ்னியாக் பிள்ளைகளுக்கு வேறொன்று. சில இடங்களில் வாசலும் வேறே, சில இடங்களில் காலை ஷிஃப்ட், மதிய ஷிஃப்ட். வரலாறும் மொழியும் தனித்தனி. ஆப்பிளையும் பேரிக்காயையும் கலக்க முடியாது என்று இதை நியாயப்படுத்தியவர் ஒரு கல்வி அமைச்சரேதான்.

இப்போ மறுபடி யாய்ட்ஸே. அந்த ஊர் 1992-ல் செர்பியப் படையிடம் விழுந்து, 1995-ல் குரோவேஷியப் படை பிடித்து, ஜனங்கள் ஓடி, திரும்பி வந்த ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளியில் இரண்டு தரப்புப் பிள்ளைகளும் ஒண்ணாத்தான் படித்தார்கள். போஸ்னியாக் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைக்கிறோம் என்று 2016-ல் கன்டன் அரசு கிளம்பியது. மறுத்தது யார்? அந்தப் பிள்ளைகளேதான், இரண்டு தரப்பும் சேர்ந்து. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் தெருவில் இறங்கினார்கள். போர் முடிந்த பிறகு பிறந்த பசங்க! 2017-ல் அரசு திட்டத்தைக் கைவிட்டது. 2018-ல் இந்த மாணவர்களுக்கு மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் விருது கிடைத்தது.

மற்ற ஊர்களில் ஒரே கூரைப் பள்ளிகள் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. 1943-ல் கூட்டம் நடந்த மண்டபம் இன்று மியூசியம். பிரின்சிப் கதையும் சும்மா விடக் கூடியதில்லை, ஒரு பாடப்புத்தகத்தில் வீரன், இன்னொன்றில் தீவிரவாதி. அதைத் தனியாக ஒருநாள் எழுதணும்.