முக்கால் டாலர் கணக்கும் சைபர் செக்யூரிட்டியும்

குன்றக்குடி, காரைக்குடி பக்கம் பி.காம். படிக்கும் மாணவர்களிடம் சைபர் செக்யூரிட்டி வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அதெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்களுக்கு!" ஆனால் இந்தத் துறையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அதன் ஆரம்பப் பக்கங்களில் கணக்குப் பார்த்தவர்களே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தூரத்தில் இருக்கும் பணத்தை எப்படிக் காப்பது என்ற கேள்வி செட்டிநாட்டுக்குப் பழையது. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து லேவாதேவி செய்த நகரத்தார்கள், அங்கே தங்கள் ஏஜெண்டுகளை வைத்துத் தொழில் நடத்தினார்கள். முதலாளி இருப்பது செட்டிநாட்டில், பணம் இருப்பது ரங்கூனில்! பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, பிறகு மேலாள் ஆவார். பூட்டும் சாவியும் இருந்தாலும், முதலாளியின் கண்ணாக இருந்தது ஊருக்கு வந்து சேரும் கணக்குதான். 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கப்பட்டபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் ஒரே சமயத்தில் கிளை திறந்தது.

கணக்கு நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியபோது, தணிக்கையாளர்களுக்குப் புதுக் கவலை வந்தது. உள்ளே இருக்கும் எண்ணை யார் மாற்றினார்கள் என்று எப்படித் தெரியும்? இதற்காகவே அமெரிக்காவில் 1969-இல் கம்ப்யூட்டர் தணிக்கையாளர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதுதான் இன்றைய ஐசாகா. அது 1978-இல் தொடங்கிய 'சிஸா' சான்றிதழுக்கு இன்றும் வங்கிகளில் நல்ல மதிப்பு உண்டு.

1986-இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. கம்ப்யூட்டரைப் பயன்படுத்திய நேரத்துக்கான கணக்கில் 75 சென்ட் இடித்தது. முக்கால் டாலர்தானே என்று யாரும் விட்டிருக்கலாம். வானியல் படித்த கிளிஃபோர்ட் ஸ்டோல் விடவில்லை. தோண்டத் தோண்ட, மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒருவர் உள்ளே நுழைந்து, அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்கள் வரை துழாவியது தெரிந்தது. திருடிய தகவல்கள் சோவியத் உளவுத்துறையான கேஜிபிக்கு விற்கப்பட்டன!

தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. கும்பகோணத்தில் 1904-இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியின் 'ஸ்விஃப்ட்' அமைப்புக்குள் புகுந்தவர்கள், துபாய், துருக்கி, சீனா என மூன்று இடங்களுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டாலரை அனுப்பிவிட்டார்கள். 2018 பிப்ரவரி 7 அன்று வங்கி கணக்கைச் சரிபார்த்தபோதுதான், தாங்கள் அனுப்பாத மூன்று பரிமாற்றங்கள் இருப்பது தெரிந்தது. துபாய்க்குப் போக இருந்த 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டது. பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் வருமே 'வங்கிச் சரிகட்டும் பட்டியல்', அதன் அடிப்படையும் இதேதான். நம் ஏட்டில் இருப்பது அவர்கள் ஏட்டில் இருக்கிறதா, அவர்கள் ஏட்டில் இருப்பது நம் ஏட்டில் இருக்கிறதா?

இந்தியாவில் இந்த வேலைகளுக்கு அடித்தளம் போட்டவையும் சட்டங்களும் விதிகளும்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17-இல் அமலுக்கு வந்தது. 'செர்ட்-இன்' 2004 ஜனவரியில் செயல்படத் தொடங்கியது. வணிக வங்கிகள் சைபர் பாதுகாப்புக்கென்று தனிக் கொள்கை வகுக்க வேண்டும் என்று 2016 ஜூனில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. விதி வந்தால், அது நடக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டுமே! பட்டயக் கணக்காளர்களுக்காக ஐசிஏஐ நடத்தும் தகவல் அமைப்புத் தணிக்கைப் படிப்பு அதற்கான வழிகளில் ஒன்று.

கணக்குத் தெரிந்தால் மட்டும் போதும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஸ்டோலுக்கு யூனிக்ஸ் தெரிந்திருந்தது. தெரியாததை ராத்திரி பகலாகக் கற்றுக்கொண்டார். பி.காம். மாணவரும் நெட்வொர்க்கிங், லினக்ஸ், லாக் படிப்பது எல்லாம் புதிதாகக் கற்கத்தான் வேண்டும். ஆனால் முக்கால் டாலர் இடித்தாலும் ஏன் என்று கேட்கும் பழக்கத்தை அவர் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. அது முதல் வருடப் பாடத்திலேயே இருக்கிறது.