பேட்டர்ன் தச்சர்களின் கைத்தடி

திருவொற்றியூரில் தடி என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பட்டினத்தார்தான் நினைவுக்கு வருவார். கடலோரத்தில் அவர் சமாதி இருக்கிறது. எந்தப் படத்திலும் கையில் கரும்போடுதான் நிற்பார். வெள்ளைக்காரத் துரைமார் பிடித்து நடந்த பிரம்பு சுமத்ராவில் விளைந்து, மலாக்காவின் பெயரோடு உலகம் சுற்றியது. பெரியாரையும் ராஜாஜியையும் கைத்தடி இல்லாமல் யாரும் வரைவதில்லை. தடி பிடித்தவர்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. தடி செதுக்கியவர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே என்பது என் ஆதங்கம். வடசென்னையில் அந்தக் கைகள் பெரும்பாலும் வார்ப்படத் தொழிற்சாலைக் கைகள். அவற்றில் என்னுடையதும் ஒன்று.

ராயபுரத்திலிருந்து 1856 ஜூலை 1 அன்று வாலாஜா ரோட்டுக்கு ரயில் புறப்பட்டது. ரயில் வந்தால் பட்டறை வரும். பெரம்பூரில் வந்தது. 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி எண்ணூரில் கார் பூட்டியது; 1955இல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. இவற்றைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாக வார்ப்படச் சாலைகள். இரும்போ அலுமினியமோ, உருக்கி ஊற்றுவதற்கு முன்னால் அந்தப் பொருளை மரத்தில் செய்தாக வேண்டும். அதுதான் பேட்டர்ன். மரத்தை மண்ணில் பதித்து எடுத்தால் குழி. அந்தக் குழியில் உலோகம்.

எழுபதுகளில் நான் பயிற்சிக்குச் சேர்ந்தபோது மேஸ்திரி முதலில் கொடுத்தது உளி இல்லை, அளவுகோல். சாதாரணக் கோலில் பன்னிரண்டு அங்குலம் காட்டும் இடத்தில் அது கொஞ்சம் நீண்டிருக்கும். வார்ப்பிரும்பு ஆறும்போது அடிக்கு அரைக்கால் அங்குலம் சுருங்கும், எஃகு கால் அங்குலம் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை மரத்திலேயே கூட்டி வைக்க வேண்டும். பக்கங்களைச் செங்குத்தாக விட்டால் மண் பிய்ந்து வரும் என்பதால் லேசான சரிவு கொடுப்போம். "மண்ணு அழாம மரம் எழும்பணும்டா" என்பார் மேஸ்திரி. உள்மூலையெல்லாம் வளைத்து மழுக்கி, உப்புத்தாள் போட்டு, அரக்கு பாலிஷ் ஏற்றினால் தேக்கு கண்ணாடி போல மின்னும். அத்தனை அழகும் கரிமண்ணுக்குள் போய்விடும். பார்ப்பவர் கையில் மிஞ்சுவது இரும்பு.

அதனால்தானோ என்னவோ, எங்களில் பலர் வீட்டில் கைத்தடி செதுக்கினார்கள். தன் பெயரில் நிற்கிற ஒரு பொருள் வேண்டும் என்ற ஆசை அது என்றே நினைக்கிறேன். யானைத்தலை, யாளி, மயில், ஒருவர் விடாமல் செய்த சுறாமீன் பிடி. தண்டுக்குப் பூவரசு, பனை வைரம், கிடைத்தால் கருங்காலி.

ஆயுதபூஜை அன்று உளிகளுக்குப் பொட்டு வைத்து முடிந்ததும் மாற்றிக்கொள்வோம். காசு பேசக் கூடாது. பிடிக்குப் பிடி, அல்லது பிடிக்கு ஒரு நல்ல மரத்துண்டு. பெரம்பூர் ரயில்வே தச்சர், திருவொற்றியூர்த் தேர் வேலை செய்த ஆசாரி, காசிமேட்டுப் படகுத் தச்சர் எல்லாரும் வருவார்கள். செதுக்கியவர் பிடிக்கு அடியில் தன் குறியைப் போட்டிருப்பார். வாங்கியவர் அதை அழிக்கக் கூடாது.

அந்தப் படகுத் தச்சரிடம் நான் கற்றதைச் சொல்லியே ஆக வேண்டும். படகின் வளைந்த விலாவுக்கு அவர்கள் பலகையை வெட்டி வளைக்க மாட்டார்கள். பிறவியிலேயே வளைந்த கருவேலங் கிளையைத் தேடி எடுப்பார்கள். ரேகை வளைவோடு ஓடும், அலை அடித்தாலும் முறியாது. நேர்ப்பலகையில் அறுத்த வளைபிடி, ரேகை குறுக்கே ஓடும் இடத்தில் பொட்டென்று உடையும். கைத்தடியை நம்பி நடப்பவர் பெரும்பாலும் வயதானவர். பிடி உடைந்தால் இடுப்பு போகும். என் யானைத்தலை ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் கொடுத்த கருவேலத் துண்டில் செய்த பிடிதான் இன்று என் கையில் இருக்கிறது. அடியில் பித்தளைப் பூண், அதுவும் தெரிந்தவர் ஒருவர் வார்த்தது.

பிறகு அலுமினிய பேட்டர்ன் வந்தது, ரெசின் வந்தது, கணினி பார்த்துக் கடையும் இயந்திரம் வந்தது. அளவில் அவை எங்களைவிடச் சுத்தம்; அதை மறுக்க மாட்டேன். ஆனால் தேக்கு பேட்டர்ன்கள் காயலான் கடைக்கும் அடுப்புக்கும் போனதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பெரும்பாலானவற்றின் வரைபடம்கூட எங்கும் இல்லை.

1856இல் திறந்த ராயபுரம் நிலையக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதில் ஓர் அறை, ஒரு சுவர் நிறைய மர பேட்டர்ன்கள், பக்கத்தில் அவற்றைச் செய்தவர்களின் கைத்தடிகள்: வடசென்னைக்கு இவ்வளவாவது செய்யலாம். உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் தடி கிடந்தால், எறிவதற்கு முன் பிடியைத் திருப்பி அடியில் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.