மடிக்குள் ஒரு 370

சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஜெர்மன் அரசின் உதவியோடு ஓர் ஐ.பி.எம். 370/155 வந்தது. அந்த நாளில் இந்தியாவில் இருந்த பெரிய கம்ப்யூட்டர்களில் அதுவும் ஒன்று. பெரியது என்றால் எவ்வளவு என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். 155 மாடலுக்கு அதிகபட்ச நினைவகமே இரண்டு மெகாபைட்தான். அதுவும் பொடிப்பொடி ஃபெரைட் வளையங்களைக் கம்பியில் கோத்துச் செய்த ‘கோர்’ நினைவகம். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு போட்டோ அதில் அடங்காது. ஒரு நொடிக்குச் செய்யும் கட்டளைகள் பத்து லட்சத்துக்கும் குறைவு. ஆனாலும் அதற்கென்று ஏ.சி. போட்ட பெரிய ஹால், காலுக்கடியில் கேபிள் ஓடும் பொய்த்தளம், அட்டைக் கட்டுகளை வாங்கிக்கொள்ள ஒரு ஜன்னல் என்று பெரிய மரியாதை உண்டு. ஜன்னலில் கொடுத்த கட்டு எப்போது ஓடி எப்போது அச்சாகி வரும் என்று காத்துக் கிடந்தது ஒரு தலைமுறை.

அந்த மெஷின் போய்விட்டது. பின்னாளில் அந்த இடத்துக்குச் சீமென்ஸ் வந்தது. ஆனால் 370 என்ற மெஷினை இன்று திருக்கழுக்குன்றத்தில் என் வீட்டு மேஜைமேல் ஓட்ட முடிகிறது. எப்படி என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1959-ல் ஐ.பி.எம். 1401 என்றொரு கம்ப்யூட்டரை அறிவித்தது. உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேல் போனது. நம் ஊரில் ரயில்வேக்காரர்களுக்குச் சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் போட்டது இதுதான். 1963 டிசம்பரில் ஹனிவெல் கம்பெனி போட்டிக்கு ‘200’ என்ற மெஷினைக் கொண்டுவந்தது. கூடவே ‘லிபரேட்டர்’ என்றொரு மென்பொருள். 1401-க்கு எழுதிய ப்ரோக்ராமை அப்படியே ஹனிவெல்லுக்கு மாற்றிக் கொடுக்கும். பெயரிலேயே குத்தல்: ஐ.பி.எம்.மிடமிருந்து ‘விடுதலை’. 1401 வாடிக்கையாளர்கள் ஹனிவெல் பக்கம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஐ.பி.எம்.முக்கு இது தலைவலி. 1964 ஏப்ரல் 7 அன்று அவர்கள் அறிவிக்கவிருந்த சிஸ்டம்/360, 1401-க்குச் சம்பந்தமே இல்லாத ஜாதி. 1401 கணக்குப்போடுவது தசமத்தில். எண்ணுக்கு நீளக் கட்டுப்பாடு கிடையாது. 360-ன் அடிப்படை இரும எண், 32 பிட் சொல். பழைய ப்ரோக்ராம் ஒன்றும் புதியதில் ஓடாது. வாடிக்கையாளர் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டும் என்றால், ஹனிவெல்லுக்கே போய்விடுவாரே? அதற்கு அவர்கள் கண்ட வழி, 360-ன் உள்ளுக்குள்ளே மைக்ரோகோடில் 1401-ஐ எழுதி வைத்தது. மாடல் 30 தன்னை 1401 என்று பாவித்துக்கொண்டு பழைய ப்ரோக்ராமை ஓட்டியது. அசல் 1401-ஐவிட வேகமாகவே ஓட்டியது. இதற்கு ‘எமுலேட்டர்’ என்று பெயர் வைத்தவர் ஐ.பி.எம்.மின் லாரி மாஸ். வெறும் மென்பொருளில் இன்னொரு மெஷினை நடிக்க வைப்பது ‘சிமுலேஷன்’, அது ஆமை வேகம். வன்பொருளின் துணையோடு செய்வது ‘எமுலேஷன்’ என்று அன்று பிரித்துப் பேசினார்கள். இன்று அந்த வித்தியாசத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆக, எமுலேட்டர் என்பது பழையதை நினைத்து ஏங்குகிறவர்கள் கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. வாடிக்கையாளரைக் கைவிட்டுவிடக் கூடாதே என்ற வியாபாரப் பயத்தில் பிறந்தது. 370/155-க்கும்கூட 1401 எமுலேட்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

360-ல் இன்னொரு விஷயம் நடந்தது. எமுலேட்டரைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஜீன் ஆம்டால், கெரிட் ப்ளாவ், ஃப்ரெட் ப்ரூக்ஸ் மூவரும் ‘ஆர்க்கிடெக்சர்’ என்பதை மெஷினிலிருந்து பிரித்தார்கள். ப்ரோக்ராம் எழுதுகிறவன் கண்ணுக்குக் கம்ப்யூட்டர் எப்படித் தெரிய வேண்டும், ஒவ்வொரு கட்டளைக்கும் என்ன நடக்க வேண்டும், தப்புக் கட்டளை கொடுத்தால் என்ன ஆக வேண்டும் என்பதை எல்லாம் ‘பிரின்சிபிள்ஸ் ஆஃப் ஆபரேஷன்’ என்ற புத்தகத்தில் எழுதினார்கள். உள்ளே டிரான்சிஸ்டரை எப்படி அடுக்குவது என்பது அந்தந்த மாடல் செய்கிறவர்கள் பாடு. அப்படியானால் அந்தப் புத்தகத்தைப் பிசகாமல் பின்பற்றுகிற எதுவும் 360தான். இரும்புப் பெட்டியாக இருந்தாலும் சரி, சி மொழியில் எழுதிய ஒரு ப்ரோக்ராமாக இருந்தாலும் சரி.

அப்படி ஒரு ப்ரோக்ராம்தான் ஹெர்குலிஸ். இங்கிலாந்துக்காரர் ரோஜர் பவுலர் தொடங்கி 1999-ல் வெளிவந்தது. உள்ளே நடப்பது கேட்க எளிதுதான். 370-ன் பதினாறு ரெஜிஸ்டர்களும் ஓர் அணி; நினைவகம் இன்னொரு பெரிய அணி. ஒரு சுழற்சி ஓடிக்கொண்டே இருக்கிறது: அடுத்த கட்டளையை எடு, முதல் பைட்டைப் பார், அந்த எண்ணுக்குரிய ஃபங்ஷனைக் கூப்பிடு. சிக்கல் எல்லாம் நுணுக்கத்தில் இருக்கிறது. 370 ஓர் எண்ணைப் பெரிய பக்கம் முதலாக வைக்கும். இன்டெல் சிப் தலைகீழாக வைக்கும். ஒவ்வொரு முறையும் திருப்பிப் போட வேண்டும். எழுத்துக்கு ஆஸ்கி இல்லை, எப்சிடிக். டிஸ்க், டேப், அட்டை படிக்கும் மெஷின், பிரின்டர் எல்லாமே லினக்ஸில் வெறும் கோப்புகள்.

எங்கள் உறவுக்காரப் பையன் பள்ளியில் வாங்கிய அரசாங்க இலவச லேப்டாப் ஒன்று சும்மா கிடந்தது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் செய்த ‘பாஸ்’ லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். பாஸுக்கு மூலம் டெபியன். இரண்டையும் அழித்துவிட்டுப் புது டெபியன் போட்டேன். பிறகு ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஹெர்குலிஸ்’ என்று ஒரு வரி. கூடவே 3270 டெர்மினல் போல நடிக்கும் ‘எக்ஸ்3270’. அவ்வளவுதான், மெஷின் வந்துவிட்டது. ஆனால் இது காலி மெஷின். ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டுமே? ஐ.பி.எம். அந்தக் காலத்தில் பதிப்புரிமைக் குறி இல்லாமல் விநியோகித்த எம்.வி.எஸ். 3.8ஜே என்ற 1981-ம் வருஷத்துச் சிஸ்டத்தை, யூர்கன் விங்கெல்மன் என்பவர் ‘டி.கே.4-’ என்ற பெயரில் மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார். அதற்குள்ளேயே ஒரு ஹெர்குலிஸும் இருப்பதால் நான் ஆப்ட்டில் போட்டது உண்மையில் தேவைப்படவில்லை. ஜிப்பை விரித்து, அந்த ஃபோல்டருக்குள் போய் ‘எம்.வி.எஸ்.’ என்ற ஸ்கிரிப்டை ஓட்டினால் திரையில் செய்திகள் மளமளவென்று ஓடும். முன்பு ஆபரேட்டர் ஒருவர் கன்சோலில் உட்கார்ந்து செய்த ஐ.பி.எல். தானாகவே நடக்கும். பிறகு எக்ஸ்3270-ல் ‘லோக்கல்ஹோஸ்ட்’, போர்ட் 3270 என்று கொடுத்தால் எம்.வி.எஸ். படம் எழும். ஹெர்க்01 என்று உள்ளே போகலாம். பாஸ்வேர்டு ‘சி.யு.எல்.8.டி.ஆர்.’ எழுத்தெழுத்தாக வாசித்துப் பாருங்கள், ‘சீ யூ லேட்டர்’!

சரி, இதனால் என்ன பயன்? எனக்கும் அது பொழுதுபோக்காகத்தான் இருந்தது, பௌர்ணமி கிரிவலத்துக்கு வந்த பழைய நண்பர் ஒருவர் வீட்டுக்கு வரும்வரை.

அவர் 1970களில் செய்த ஆய்வுக்கு இந்த மாதிரி 370 ஒன்றில்தான் கணக்குப் போட்டிருந்தார். அதிரும் ஒரு கட்டமைப்பை நேரத்தில் சின்னச் சின்ன அடியாக நகர்த்திக் கணக்கிடும் போர்ட்ரான் ப்ரோக்ராம். அட்டைகள் எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன. லைன்பிரின்டர் லிஸ்டிங் மட்டும் பெட்டியில் இருந்தது. அவருடைய பெண் அதைப் பார்த்து டைப் அடித்துத் தன் லேப்டாப்பில் ஓட்டியிருக்கிறாள். விடை வேறு. தொடக்கத்தில் ஒத்துப்போய், நடுவிலிருந்து நான்காவது இலக்கம் விலகி, பிறகு மூன்றாவது இலக்கமும் விலகியது.

“என்ன சார் இது? நாப்பது வருஷம் கழிச்சு என் தீசிஸே தப்புன்னு ஆயிடுச்சே” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை என்று அவர் வீட்டம்மா தனியே சொன்னார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது மெஷின் மேல். 370 தசம எண்களை வைத்திருந்த விதம் வேறு. அடி எண் இரண்டு இல்லை, பதினாறு. கூட்டும்போது மிஞ்சும் இலக்கங்களை அது முழுமையாக்காது, வெட்டிவிடும். இன்றைய சிப்கள் 1985-ல் வந்த ஐ-ட்ரிபிள்-ஈ 754 தரத்தின்படி, அருகில் உள்ள எண்ணுக்கு முழுமையாக்கும். வித்தியாசம் எவ்வளவு இருக்கும் என்று காட்ட ஒரு சின்னக் கணக்கு போதும். 0.1-ஐச் சாதாரணத் துல்லியத்தில் 10,000 முறை கூட்டுங்கள். 1000 வர வேண்டும். இன்றைய லினக்ஸில் 999.9029 வரும். 370-ல் 998.9-ஐ ஒட்டி வரும். முழுதாக ஒன்றுக்கும் மேல் குறைகிறது. தொகை 256-ஐத் தாண்டியதும் ஒவ்வொரு கூட்டலிலும் மீதி வெட்டுப்படுகிறது. அதுவும் எப்போதும் ஒரே பக்கமாக. தராசில் ஒவ்வொரு படிக்கும் ஒரு குன்றிமணி குறைத்து நிறுத்தினால் மூட்டைக் கணக்கில் எவ்வளவு குறையும், அதுபோல. நண்பரின் ப்ரோக்ராமில் நேரத்தை நகர்த்திய வரியும் இதே ஜாதிதான்: டி = டி + டிடி.

அவர் பெண் அடித்து வைத்திருந்ததை அட்டை வடிவத்துக்கு மாற்றினோம். வரிகள் ஏழாவது பத்தியில் தொடங்க வேண்டும், ஆறாவது தொடர்ச்சிக் குறிக்கு, 73 முதல் 80 வரை வரிசை எண்ணுக்கு. (கட்டு கீழே விழுந்து சிதறினால் திரும்ப அடுக்க அந்த எண்தான் கதி. எண் போடாதவன் பட்ட பாடு தனிக் கதை.) மேலே ஜே.சி.எல். வரிகளை வைத்து எம்.வி.எஸ்.ஸில் இருக்கும் பழைய போர்ட்ரான் ஜி கம்பைலருக்கே கொடுத்தோம். அந்தக் காலத்துக் கம்பைலர், அந்தக் காலத்து சைன் கொசைன் நூலகம், அந்தக் காலத்து வெட்டல். மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. பிரின்டர் கோப்பைத் திறந்து, மஞ்சளித்த தாளைப் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டோம். அவர் வாசிக்க நான் சரிபார்த்தேன். கடைசி இலக்கம்வரை ஒன்று.

“அப்போ நான் ஒண்ணும் தப்பா எழுதலையே?” என்றார். ப்ரோக்ராமில் தப்பில்லை. ஆனால் அந்த விடைதான் சரி என்றும் சொல்ல முடியாது. அதே ப்ரோக்ராமை இரட்டைத் துல்லியத்தில் ஓட்டினால் மூன்றாவதாக ஒரு விடை வருகிறது, அதுதான் உண்மைக்குப் பக்கம். அவர் எடுத்த முடிவுகள் எதுவும் மூன்றாவது இலக்கத்தை நம்பி இல்லை. அதனால் ஆய்வுக்குப் பங்கமில்லை. இதையும் அவரிடம் சொன்னேன். காபியைக் குடித்துவிட்டு, அந்தப் புதிய அச்சை எனக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுங்கள் என்றார்.

இதே வித்தையை ஐ.ஐ.டி. வளாகத்தில் இப்போது எதிர்த்திசையில் நடத்துகிறார்கள். பேராசிரியர் காமகோடி குழுவினரின் ‘சக்தி’ சிப், 2018-ல் அமெரிக்காவில் இன்டெல் ஆலையிலும், பிறகு சண்டிகர் பக்கம் நம் செமிகண்டக்டர் லேபிலும் செய்யப்பட்டு வந்தது. அதன் கட்டளைத் தொகுதி ரிஸ்க்-ஃபைவ், அதுவும் எல்லோரும் படிக்கக்கூடிய ஒரு புத்தகம். இந்த ஜாதிச் சிப்களில் சிலிக்கான் வருவதற்கு முன்பே ‘ஸ்பைக்’ என்ற சிமுலேட்டரில் ப்ரோக்ராமை ஓட்டி, அதன் விடையோடு வடிவமைப்பின் விடையை ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். அங்கே மெஷினுக்கு முன்னால் எமுலேட்டர் பிறக்கிறது.

ஆனால் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. கல்பாக்கம் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அதே அணுசக்தித் துறையின் ஹைதராபாத் நிறுவனமான ஈ.சி.ஐ.எல்., 1969-ல் டி.டி.சி.-12 என்ற கம்ப்யூட்டரைச் செய்தது. 12 பிட் மெஷின். பிறகு 16 பிட் டி.டி.சி.-316. இந்தியாவில் ஆலையில் செய்து விற்ற முதல் தலைமுறை அது. 1978-ல் ஐ.பி.எம். நாட்டைவிட்டுப் போனபோது, அவர்களுடைய மெஷின்களை சி.எம்.சி. பராமரித்தது, புதிதாக வேண்டும் என்றவர்கள் பலர் ஈ.சி.ஐ.எல்.லைத்தான் பார்த்தார்கள். பாப் சுப்னிக் 1993-ல் தொடங்கிய ‘சிம்ஹெச்’ என்ற தொகுப்பில் பழைய மெஷின்கள் டஜன் கணக்கில் உயிரோடு இருக்கின்றன. 1401 இருக்கிறது. சோவியத்காரர்களின் பெஸ்ம்-6கூட இருக்கிறது. டி.டி.சி. இல்லை.

எமுலேட்டர் எழுதுவது இன்றைய கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு செமஸ்டர் வேலை. 12 பிட் மெஷினுக்கு அவ்வளவுகூட ஆகாது. வேண்டியது கட்டளைப் பட்டியல் உள்ள கையேடு, முடிந்தால் ஏதாவது ஒரு ப்ரோக்ராம் லிஸ்டிங்கும் அது ஓடி வந்த அச்சும், சரிபார்க்க. கல்பாக்கத்திலும் மற்ற இடங்களிலும் அந்த மெஷின்களோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பதுண்டு. பரணில் டி.டி.சி.-12 அல்லது 316 கையேடு ஏதாவது கிடந்தால், போகிக்கு எடுத்துப் போட்டுவிடாமல் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எலி கடித்திருந்தாலும் பரவாயில்லை, நானே வந்து ஸ்கேன் செய்துகொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன்.