வாயும் காதும்

இரண்டே கம்பி. ஒன்று பேச, ஒன்று கேட்க. இவர் வாய் அவர் காதுக்கு, அவர் வாய் இவர் காதுக்கு. கம்ப்யூட்டர் உலகில் இதற்கு சீரியல் தொடர்பு என்று பெயர். குழந்தைக்குக்கூடப் புரிகிற சமாசாரம். ஆனால், குமரிக் கடலில் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு இந்த வாயும் காதும் ஒரே பெட்டியில் கிடைக்க ரொம்ப வருஷம் ஆயிற்று. நடுவில் ஒரு புயல் வேறு வந்து போய்விட்டது.

முதலில் கம்பியின் கதையைப் பார்த்துவிடுவோம்.

பிரான்ஸில் எமில் போதோ என்று ஒரு தந்தி இன்ஜினீயர். 1874-ல் ஒரு தந்தி முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஐந்து துடிப்புகள். ரேஷன் கடை க்யூ மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகப் போகும். சீரியல் என்றால் அதுதான். இன்றைக்கும் இந்த வேகத்தை அளக்கும் 'பாட்' என்ற அலகு, அவர் பெயரிலிருந்து வந்ததுதான்.

1960-ல் அமெரிக்காவில் ஆர்எஸ்-232 என்ற விதிமுறை வந்தது. கருவிகளை மோடத்தோடு இணைக்க. பேச ஒரு கம்பி, கேட்க ஒரு கம்பி, மரியாதைக்கு இன்னும் சில கம்பிகள். 'நான் ரெடி', 'பேசலாமா?' என்று சைகை காட்டுவதற்கு. 1996-ல் யுஎஸ்பி பிறந்தது. பரோடாவில் படித்த நம்ம ஊர்க்காரர் அஜய் பட்டுக்கு அதில் பெரிய பங்கு. நாளாவட்டத்தில் லேப்டாப்களிலிருந்து பழைய சீரியல் வாசல் காணாமல் போனது. ஆனால், சின்னச் சின்ன சிப்புகள் எல்லாம் பழைய பாஷையிலேயே பேசிக்கொண்டிருந்தன.

அப்போ என்ன செய்வது? புதுச்சேரியில் துய்ப்ளெக்ஸுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்த மாதிரி, நடுவில் ஒரு துபாஷி வேண்டும். யுஎஸ்பி-சீரியல் சிப் அந்த துபாஷிதான்.

நாகர்கோவிலில் ஓர் இன்ஜினீயரிங் மாணவி, சொந்தமாக ஒரு வயர்லெஸ் போர்டு வடிவமைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாங்காய் கம்பெனி ஒன்று 2016-ல் கொண்டுவந்த ஈஎஸ்பி-32 சிப். வைஃபை, புளூடூத் இரண்டும் உள்ளேயே உண்டு. யுஎஸ்பி கொடுப்பது 5 வோல்ட், சிப் கேட்பது 3.3 வோல்ட். குறைக்க ஒரு ரெகுலேட்டர். ஆன்டெனாவுக்கு அடியில் செம்பு கூடாது, சிக்னலை விழுங்கிவிடும். துபாஷியின் வாயை சிப்பின் காதோடு இணைக்க வேண்டும். வாயை வாயோடு இணைத்தால் முடிந்தது கதை. ஒன்றும் கேட்காது. அந்த மரியாதைக் கம்பிகள் இருக்கிறதே, அவற்றுக்கும் இங்கே வேலை உண்டு. இரண்டு டிரான்சிஸ்டர் வழியாக வந்து சிப்பை ரீசெட் செய்து, புதிய புரோகிராம் வாங்கத் தயாராக்குகின்றன. மோடத்துக்காக 1960-ல் போட்ட வழக்கம் இன்னும் சோறு போடுகிறது!

இப்போது படகுக்கு வருவோம்.

படகில் இருக்கும் ஜிபிஎஸ் கருவிகளும் இதே சீரியல் ஜாதிதான். 1983-ல் வந்த என்எம்இஏ 0183 என்ற கடல் விதிமுறையில் ஒரு கருவி 'பேசுபவர்', மற்றவை 'கேட்பவர்கள்'. வழக்கமான வேகம் 4800 பாட். எங்கே இருக்கிறோம் என்று படகுக்குத் துல்லியமாகத் தெரியும். கரைக்குத் தெரியாது.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் நீரோடி முதல் இரயுமன்துறை வரை வரிசையாக எட்டு ஊர்கள். ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர்போனவர்கள். போனால் திரும்பப் பல நாள், சில சமயம் வாரக்கணக்கில் ஆகும். கரையிலிருந்து 10, 15 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் ஊமை. படகு வயர்லெஸ் அதைவிடக் கொஞ்ச தூரம் எட்டும். அதற்கப்பால் கடலும் வானமும்தான்.

2017 நவம்பர் 29-ம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் காலையில் அது குமரிக் கடலில் ஒக்கிப் புயல். ஒரே நாள் அவகாசம். கரையில் இருந்தவர்களுக்குச் சொல்லலாம். ஒரு வாரத்துக்கு முன்பே கிளம்பிப் போனவருக்கு யார், எப்படிச் சொல்வது? தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், காணாமல் போனார்கள்.

கருவியே இல்லையா என்றால், இருந்தது. 2010-லேயே ஆபத்து அறிவிப்புக் கருவி புழக்கத்துக்கு வந்துவிட்டது. இஸ்ரோ உருவாக்கியது. பட்டனை அழுத்தினால் சாட்டிலைட் வழியாகச் செய்தி கரைக்குப் போகும். வாய் உண்டு. ஆனால், போய்ச் சேர்ந்ததா என்று அழுத்தியவருக்குத் தெரியாது. காது இல்லை.

ஒக்கிக்குப் பிறகு, 2019 அக்டோபரில் 'ஜெமினி' வந்தது. ககன் சாட்டிலைட்டிலிருந்து புயல் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் மூலம் மீனவரின் செல்போனில் அவர் மொழியிலேயே காட்டும். அருமையான காது. ஆனால், 'காப்பாத்துங்க' என்று அதில் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. வாய் இல்லை.

இருவழியிலும் பேசும் டிரான்ஸ்பாண்டர்கள் அதன்பின் படகுகளில் ஏற ஆரம்பித்தன. 2024-ல் இஸ்ரோ அந்தப் பழைய கருவியின் இரண்டாம் தலைமுறையைக் கொண்டுவந்தது. அபயக் குரல் கேட்டதும் கரையிலிருந்து பதில் வரும். அதே வருஷம் ஆகஸ்ட் 30-ம் தேதி, ஒரு லட்சம் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் தேசியத் திட்டமும் தொடங்கியது.

போர்டு வடிவமைக்கும் அந்த மாணவி முதல் நாளே கற்றுக்கொள்கிற பாடம்தான் இது. ஒரு கம்பி மட்டும் இருந்தால் அது அறிவிப்பு. இரண்டு இருந்தால்தான் பேச்சு. நடுக்கடலில் படகு கவிழும் நேரத்தில் பட்டனை அழுத்தியவருக்கு, 'தகவல் கிடைத்தது' என்ற ஒரு வரிதான் விடியும்வரை பலகையைப் பிடித்துக்கொண்டு மிதக்கத் தெம்பு தரும். அந்த ஒரு வரிக்காகத்தான் இரண்டாவது கம்பி.